பருவுக்கு ஜெல் போடப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேள்

ஸ்கின் டாக்டரிடம் போய் வந்துவிட்டாய். கையில் 15 கிராம் டியூப் ஒன்று. மேலே 'அடாபலீன் ஜெல் 0.1%' என்று போட்டிருக்கிறது. சீட்டில் 'ராத்திரி ஒரு வேளை' என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. டாக்டர் வாயால் சொன்னதில் பாதி படி இறங்கும்போதே மறந்துவிட்டது. அந்த மறந்த பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதுவரை டியூப்பைத் திறந்து, கன்னத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய பருவின் தலையில் அப்பிவிடாதே. இந்த ஜெல் அந்தப் பருவுக்கானதே இல்லை.

பரு ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பது போலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே வர வழியில்லாமல் எண்ணெய் பின்னால் தேங்குகிறது. கண்ணுக்கே தெரியாத இந்த அடைப்பு வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து, கிருமி பெருகி, வீக்கம் கண்ட பிறகுதான் சிவந்து வெளியே வருகிறது. அடாபலீன், வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு குடும்பத்து மருந்து. அதன் முக்கியமான வேலை அந்த அடைப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்வது. அதாவது, அடுத்த மாதம் வரவிருக்கும் பருவுக்கு இன்றைக்கே மருந்து போடுகிறாய். இதைப் பிடித்துக்கொண்டால் ஏன் முகம் முழுவதும் போட வேண்டும், ஏன் மெல்லிசாகப் போட வேண்டும், ஏன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நான் காரணம் சொல்லத் தேவையிருக்காது.

அமெரிக்காவில் 2016-லிருந்து இதே 0.1% ஜெல் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. அதனால் யூடியூபில் யார் யாரோ தினமும் பூசுவதைக் காட்டுவார்கள். அவர்கள் ஊர் வெயில் வேறு, அவர்கள் தோல் நிறம் வேறு. நமக்கு உன்னைப் பார்த்து எழுதிக்கொடுத்த டாக்டரின் சீட்டுதான் கணக்கு.

எப்படிப் போடுவது

ராத்திரி சாப்பாடு, பாத்திரம், படிப்பு எல்லாம் முடிந்த பிறகு மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவு. குளியல் சோப்பு வேண்டாம், அது தோலை வறட்டிவிடும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. பிறகு இருபது நிமிடம் ஏதாவது வேலை பார். ஈரத் தோலில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி எரிச்சலைக் கூட்டும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நாளில் 'பரவாயில்லை' என்று ஈர முகத்திலேயே தடவிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் முகம் கழுவும் வேலையைச் சாயங்காலமே முடித்துவிடு.

ஒரு பட்டாணி அளவு. முகம் மொத்தத்துக்கும் அவ்வளவுதான். நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, மோவாயில் ஒன்று என்று வைத்து, அங்கிருந்து மெல்லிசாகப் பரப்பிவிடு. பரு இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பார்க்காதே. வழக்கமாகப் பரு வரும் பகுதி முழுவதும் போக வேண்டும். கண்ணைச் சுற்றி, மூக்கின் மடிப்பு, உதட்டு ஓரம் இந்த மூன்றுக்கும் கிட்டவே போகாதே. அங்கே தோல் மெல்லிசு, மருந்து வழிந்துபோய்த் தங்கும் மடிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஜெல்லுக்கு முன்னால் அந்த ஓரங்களில் கொஞ்சம் வாசலின் தொட்டு வைத்தால் காவலாக இருக்கும். வெட்டுக்காயம், கிள்ளி ரத்தம் வந்த பரு, எக்ஸிமா இருக்கும் இடம் எதிலும் படக் கூடாது. முடிந்ததும் கையைக் கழுவு. கழுவாமல் கண்ணைக் கசக்கினால் ராத்திரி முழுக்க அழுவாய், காதல் தோல்வி என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள டியூப்பே போதும். 15 கிராம் டியூப் தினமும் முகத்துக்கு மட்டும் போட்டால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வர வேண்டும். பத்து நாளில் பிதுக்கி எடுக்கிறாய் என்றால் மூன்று பங்கு போட்டுக்கொண்டிருக்கிறாய். கூடப் போட்டால் சீக்கிரம் போகும் என்பது இந்த மருந்தில் நடக்காது. தோல்தான் கூட உரியும்.

முதல் நாளிலிருந்தே தினமும் போட வேண்டும் என்றும் இல்லை. டாக்டர் தினமும் என்று எழுதியிருந்தாலும், 'முதல் இரண்டு வாரம் ஒன்று விட்டு ஒரு ராத்திரி ஆரம்பிக்கலாமா' என்று கேட்டுப் பார், பெரும்பாலும் சரி என்பார்கள். ரொம்ப மெல்லிய தோல் என்றால் வாரம் இரண்டு ராத்திரி. இன்னொரு வழியும் இருக்கிறது: முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊறியதும் ஜெல், அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். மருந்தின் வேகம் கொஞ்சம் தணியும், வேலை நின்றுவிடாது. எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்காதே. ஜெல் போடும் முகத்துக்கு அது கட்டாயம். 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு; துவாரத்தை அடைக்காதது என்று பொருள். விலை கூடியதுதான் நல்லது என்றெல்லாம் இல்லை.

ஒரு ராத்திரி மறந்துவிட்டால் மறந்ததுதான். மறுநாள் இரண்டு மடங்கு போட்டு ஈடுகட்டாதே.

முதல் மாதம் அழகாக இருக்காது

இதைச் சொல்லாமல் விட்டால்தான் பாதிப் பேர் மூன்றாம் வாரத்தில் டியூப்பைத் தூக்கி எறிகிறார்கள். முதல் சில வாரங்களில் முகம் வறளும், மூக்குப் பக்கம் பொருக்கு உரியும், முகம் கழுவினால் லேசாகச் சுறுசுறுக்கும். சிலருக்குப் பரு முன்னைவிட அதிகமாகவே தெரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அடுத்த மாதம் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம் என்று இந்த மாதம் ஆரம்பித்தால், கல்யாண போட்டோவில் உரிந்த மூக்கோடுதான் நிற்பாய். கல்யாணம் முடிந்த பிறகு ஆரம்பி, அல்லது மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பி.

எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது வீரம் இல்லை. நம் மாதிரி மாநிறத் தோலுக்கு இது முக்கியம். பருவை விட நம்மை அதிகம் வாட்டுவது, அது போன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டுதான். தோலில் எந்த வீக்கம் வந்தாலும், பருவால் வந்தாலும் சரி, மருந்து எரிச்சலால் வந்தாலும் சரி, நம் தோல் அதே கருமையைத்தான் விட்டுவிட்டுப் போகும். பருவை ஒழிக்கப் போட்ட ஜெல்லே புதுத் திட்டு வைத்துவிட்டால் என்ன பிரயோஜனம்? ஆகவே சிவந்து, கழுவினால் காந்தும் அளவுக்குப் போய்விட்டால் இரண்டு மூன்று நாள் நிறுத்து. வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடு. அடங்கியதும் இடைவெளியைக் கூட்டி மறுபடி தொடங்கு. அடிக்கடி இப்படி ஆனால் டாக்டருக்குப் போன் செய்.

இந்தச் சாதாரண எரிச்சலோடு சேர்த்துப் பார்க்கக் கூடாத ஒன்று இருக்கிறது. முகமோ, கண் இமையோ, உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுகுவது, மூச்சு முட்டுவது, தலைசுற்றல் இவை ஒவ்வாமை. ரொம்ப அபூர்வம்தான். ஆனால் பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் ஆசிட் உள்ள பரு மருந்துகளில் இப்படி வந்ததை வைத்து 2014-ல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரிக்கை கொடுத்தது. இந்தக் குறி தெரிந்தால் முகத்தைக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. புது மருந்து எதையும் மூன்று நாள் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போவது அதனால்தான் நல்லது.

சீட்டில் இன்னொரு டியூப்பும் இருக்கிறதா?

அனேகமாக இருக்கும். பென்சாயில் பெராக்சைடு என்றால் அது பருக் கிருமியைக் கொல்லும் மருந்து. 2.5 சதவீதமே பெரும்பாலும் போதும்; 5, 10 என்று ஏறினால் எரிச்சல்தான் ஏறும். அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைத் துண்டு என்று தனியாக வைத்துக்கொள். காலையில் போட்டுவிட்டுக் கருநீலச் சுடிதாரைத் தலை வழியாக மாட்டினால் கழுத்துப் பட்டையில் ஆரஞ்சுத் திட்டு விழும், பிறகு எந்தச் சோப்பும் மீட்காது. பட்டு பிளவுஸ் பக்கமே கொண்டு போகாதே.

கிளின்டாமைசின் ஜெல் என்றால் அது ஆன்டிபயாட்டிக். அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசக் கூடாது. கிருமி பழகிக்கொண்டு பிறகு அந்த மருந்துக்கு மசியாது. அதனால்தான் டாக்டர்கள் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொடுத்துக் கொஞ்ச காலத்தில் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தச் சொன்ன தேதிக்குப் பிறகு நீயாகப் போய் இன்னொரு டியூப் வாங்காதே.

உனக்கு அடாபலீன் இல்லாமல் ட்ரெட்டினாயின் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம். அதன் பழைய வகை ஜெல்கள் வெளிச்சத்திலும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதைந்து போகும். பெராக்சைடு காலையில், ட்ரெட்டினாயின் ராத்திரியில் என்று பிரித்துக்கொள். அடாபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் ஒரே டியூப்பில் கலந்தே வருகிறது. சில ட்ரெட்டினாயின் ஜெல்களில் ஆல்கஹால் இருக்கும். பூசிய முகத்தோடு அடுப்பைப் பற்ற வைக்கப் போகாதே.

மெடிக்கல் அண்ணாச்சி கொடுக்கும் 'நல்ல க்ரீம்'

இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள். 'பரு போகணும், முகமும் கொஞ்சம் கலராகணும்' என்று கவுன்டரில் கேட்டால் ஒரு சின்ன டியூப் கைக்கு வரும். பத்தே நாளில் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். தோழிகள் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதற்குள் இருப்பது பல சமயம் ஸ்டீராய்டு. மங்குக்காக டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் கலவையைத்தான் ஊரே முகக் க்ரீமாகப் பூசிக்கொண்டிருக்கிறது. மாதம் போகப் போகத் தோல் மெலிந்து ரத்த நாளம் கோடு கோடாகத் தெரியும், மீசை போல முடி வளரும், பழைய பருவை விட மோசமான பரு கூட்டமாக வரும். நிறுத்தினாலோ முகம் பற்றி எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகத்தோடு வருபவர்கள் இந்தியாவில் தோல் டாக்டர்களுக்குத் தீராத தலைவலி. 2018-ல் இப்படிப்பட்ட பல க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. கவுன்டரில் அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று நீயே போய்ப் பார்க்கலாம்.

டியூப்பில் மருந்துப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், குளோபெட்டசால்: இந்த நான்கில் ஒன்று தெரிந்தால் அது பருவுக்குப் போடுவது இல்லை. ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் என் பேச்சைக் கேட்டு இன்றே நீயாக நிறுத்திவிட்டு அவதிப்படாதே; டாக்டரிடம் போய் உண்மையைச் சொல். எப்படி இறக்குவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

அக்கா ஜெல், தோழி ஜெல் என்று பங்கு போடுவதும் கிடையாது. என்னிடமே கேட்டாலும் தர மாட்டேன்.

பாட்டியும் பார்லரும்

பாட்டி அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனால் ஜெல் போடும் முகம் ஏற்கெனவே தோல் வறண்டு உணர்ச்சி கூடிய முகம். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், கஸ்தூரி மஞ்சளை அழுத்தித் தேய்ப்பது, வால்நட் ஸ்க்ரப், ஆவி பிடிப்பது எல்லாமே அதன் மேல் போய் எரியும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், தலையோடு நிறுத்திக்கொள். சீயக்காய் முகத்தில் வழியாமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசு. தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும் வகை. தலைக்கு வழிய வழிய வைத்துக்கொண்டு தூங்கினால் நெற்றி ஓரத்தில் பொடிப் பொடியாகப் பரு வரும். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது மாற்று.

பார்லருக்குப் போனதும் முதலில் 'ரெட்டினாய்டு போடுகிறேன்' என்று சொல். ஜெல் போடும் இடத்தில் வேக்ஸிங் கூடவே கூடாது, மெழுகோடு தோலும் வந்துவிடும். அப்பர் லிப் பண்ணியே ஆக வேண்டும் என்றால் த்ரெட்டிங் செய்துகொள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று ராத்திரி அந்தப் பக்கம் ஜெல் வேண்டாம். பிளீச், பீலிங், ஃபேஷியல் எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. பருவைக் குத்தி எடுக்கிறேன் என்று ஊசியோடு வருபவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு.

வெயிலுக்கு என்ன செய்வது? ராத்திரி போட்டாலும் பகலில் தோல் வெயிலைச் சீக்கிரம் வாங்கும். கருந்திட்டையும் அதே வெயில்தான் ஆழமாக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஜெல் வகையாகப் பார்த்து வாங்கு. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். மருந்து ஜெல்லில் கஞ்சத்தனம், சன்ஸ்கிரீனில் தாராளம். நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டா சுற்றுவது நல்லதுதான், துவைத்த துப்பட்டாவாக இருக்கட்டும். ஹெல்மெட் பட்டை உரசும் மோவாயில் மட்டும் பரு வருகிறதென்றால் முதலில் பட்டையைத் துடைத்துப் பார்.

கூச்சப்படாமல் சொல்ல வேண்டியவை

கர்ப்பமாக இருக்கும்போதும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் ரெட்டினாய்டு ஜெல் வேண்டாம் என்பதுதான் பொதுவான விதி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடு. அசிலாயிக் ஆசிட் போல மாற்று மருந்து இருக்கிறது. தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளிப்போனால் பயந்து நடுங்காதே. தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை மட்டும் வேறு கதை. அது வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கைக்குக் கட்டியாகத் தட்டுப்படும் வலிக்கிற பரு, குழி விழும் தழும்பு, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் மோவாயில் முடியும் சேர்ந்து வருவது, இவற்றை ஜெல் மட்டும் தீர்க்காது. நெற்றி, முதுகில் ஒரே அளவில் அரிக்கும் பொடிப் பொடிப் பரு என்றால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், நம் ஊர் வியர்வைக்கு அது சகஜம். அதற்கு மருந்தே வேறு.

டியூப்பை பாத்ரூமிலும் ஸ்கூட்டி டிக்கியிலும் வைக்காதே. வெளிச்சம் படாத அலமாரி போதும். ஃப்ரிட்ஜில் வைப்பதா என்று லேபிளைப் பார்த்து முடிவு செய். எல்லா ஜெல்லும் ஒன்றல்ல.

தினமும் கண்ணாடியில் பருவை எண்ணிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வை. முகம் தெளிந்த பிறகும் ஜெல்லைச் சட்டென்று நிறுத்தாதே, அடைப்புகள் மறுபடி ஆரம்பித்துவிடும். வாரம் எத்தனை ராத்திரி தொடர்வது, எப்போது விடுவது என்று மூன்றாம் மாதம் டாக்டரிடம் கேட்டுக்கொள். போகும்போது முகத்தில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் மேஜையில் வை: ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த க்ரீம், அப்புறம் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன டியூப்பும்.